எஸ்.பி.பி.யை நடிகராகப் பார்க்க எந்தப் படத்திலிருந்து தொடங்குவது?

எஸ்.பி.பி. நடித்ததில் ஒரே ஒரு படம் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கலாம் என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் சொல்லும் பெயர் 'கேளடி கண்மணி'. கொஞ்சம் இளையவர்கள் 'காதலன்' என்பார்கள். அவர் இசையமைத்த பாடல்களையும் தேடிக் கேட்டவர்கள் 'சிகரம்' பக்கம் கை காட்டுவார்கள். தெலுங்குப் படம் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களிடம் போனால் 'மிதுனம்' தவிர வேறு பேச்சே இருக்காது. நாலுமே நல்ல பதில்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் கிடைப்பது வேறு வேறு எஸ்.பி.பி. நமக்குப் பிடித்த பாடகரைத் திரையில் பார்க்க ஆசைப்படுகிறோமா, அவர் பாடகர் என்பதையே கொஞ்ச நேரம் மறக்கத் தயாராக இருக்கிறோமா என்பதைப் பொறுத்துத்தான் எதை முதலில் பார்ப்பது என்பது அமையும்.

அவர் நடிக்க வந்த பாதையைக் கொஞ்சம் பார்த்துவிட்டால் தேர்வு சுலபமாகும். 1966-இல் தெலுங்கிலும், 1969-இல் 'ஆயிரம் நிலவே வா' மூலம் தமிழிலும் காதுக்கு அறிமுகமானவர். பாலசந்தரின் 'மனதில் உறுதி வேண்டும்' படத்தில் சுஹாசினியோடு டாக்டராக வந்தபோது வருஷம் 1987. அதற்குள் மைக்குக்கு முன்னால் இருபது வருஷம் நின்றாகிவிட்டது. ரஜினிக்கு ஒரு துள்ளல், கமலுக்கு ஒரு குழைவு, மோகனுக்கு ஒரு மென்மை என்று திரையில் யார் வாயசைக்கப் போகிறார்களோ அவர்களுக்கு ஏற்றபடி குரலை மாற்றிக்கொண்டவர் அவர். கமலின் படங்கள் தெலுங்குக்குப் போனபோது வசனம் பேசிய குரலும் பெரும்பாலும் அவருடையதுதான். 'காந்தி' படத்தின் தெலுங்குப் பதிப்பில் பென் கிங்ஸ்லிக்குப் பேசியிருக்கிறார். 'அன்னமய்யா'வில் வெங்கடேசப் பெருமாளாக வந்த சுமனுக்குப் பேசியதற்காக ஆந்திர அரசின் நந்தி விருது வாங்கியிருக்கிறார்.

ஆக, குரலால் நடிப்பது அவருக்குப் புதிதில்லை. கேமரா முன் நின்றபோது புதிதாக இருந்தது முகமும் உடம்பும்தான். அதனால் ஒரு படத்தில் அவர் எப்படி நடித்திருக்கிறார் என்று பார்க்க நான் பாட்டுக் காட்சிக்குப் போவதில்லை. எதிரே இருப்பவர் பேசும்போது அவர் முகம் என்ன செய்கிறது என்றுதான் பார்க்கிறேன். பாட்டில் அவர் ஜெயித்துவிடுவார் என்பது தெரிந்த விஷயம். பேசாமல் இருக்கும் இடத்தில் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி.

'கேளடி கண்மணி' 1990-இல் வந்தது. வசந்த் இயக்கிய முதல் படம், இளையராஜா இசை. எஸ்.பி.பி.க்கு அப்போது 44 வயது. கனத்த உடம்பு, சண்டைக் காட்சி கிடையாது, நடனம் கிடையாது. மனைவியை இழந்து சின்னப் பெண்ணை வளர்க்கும் ரங்கராஜ் என்ற மனிதர், சாரதா என்ற ஆசிரியையை விரும்புகிறார். சாரதா ராதிகா. கதாநாயகன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊரே வைத்திருந்த கணக்குக்கு வெளியே இருந்த ஒருவரை நடுவில் வைத்து ஒரு காதல் கதை எடுக்க ஒரு புது இயக்குநருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

இந்தப் படம் என்றதும் எல்லோரும் 'மண்ணில் இந்தக் காதலன்றி' பற்றிப் பேசுவார்கள். பாவலர் வரதராஜன் எழுதிய பாட்டு. சரணத்தை மூச்சு விடாமல் பாடுவதுபோல் அமைந்திருக்கும். அப்படிக் கேட்பதில் ஒலிப்பதிவு நுட்பத்துக்கும் பங்கு உண்டு என்பதை எஸ்.பி.பி. மறைத்ததில்லை. அது பாட்டின் மதிப்பை ஒரு துளியும் குறைக்காது. காட்சியாகப் பார்க்கும்போது எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கடற்கரையில் அவர் பாடுகிறார், ராதிகா கேட்கிறார். தனக்குப் பிடித்த பெண்ணின் முன் தன்னால் முடிந்ததைச் செய்து காட்டுகிற நடுத்தர வயது ஆண் அவர். இருபது வயதுப் பையன் பைக்கில் செய்கிற சாகசத்தை இவர் மூச்சில் செய்கிறார். அந்தச் சின்னப் பெருமையும் அதற்குள் இருக்கும் கூச்சமும் முகத்தில் தெரிகின்றன. வேறொரு நடிகர் வாயசைத்திருந்தால் அது நல்ல பாட்டாக மட்டும் நின்றிருக்கும்.

ஆனால் படத்தின் உயிர் எனக்கு அந்தக் கடற்கரையில் இல்லை, சாரதாவின் வீட்டில் இருக்கிறது. சாரதாவின் அப்பா, அம்மா இருவரும் காது கேளாத, வாய் பேச முடியாதவர்கள். மகளை நம்பித்தான் அவர்கள் வாழ்க்கை ஓடுகிறது. அவளுக்குக் கல்யாணம் ஆனால் தங்கள் கதி என்ன என்ற பயம் அவர்களுக்கு. அந்த அப்பாவாக நடித்தவர் பூர்ணம் விஸ்வநாதன், அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்த குரல். அம்மாவாக நடித்தவர் ஸ்ரீவித்யா, கர்நாடக இசைப் பாடகி எம்.எல்.வசந்தகுமாரியின் மகள். குரலால் பெயர் பெற்ற மனிதர்களும் குடும்பங்களும் சேர்ந்த ஒரு வீட்டில் குரலுக்கு வேலையே இல்லை. உலகத்திலேயே அழகாகப் பாடுகிற மனிதர் பெண் கேட்டு வந்தாலும் அந்த வீட்டில் அவர் பாட்டு யார் காதிலும் விழாது. எஸ்.பி.பி. இங்கே தன் ஆயுதத்தை வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது. வசந்த் இதைத் திட்டமிட்டுத்தான் செய்தாரா என்பது முக்கியமில்லை. திரையில் அது நடக்கிறது, அதை எஸ்.பி.பி. தாங்குகிறார்.

குறையும் உண்டு. பிற்பாதியில் மகள் வளர்ந்து நடிகை அஞ்சுவாகிறாள், நோய் வருகிறது, அப்பாவையும் சாரதாவையும் சேர்த்துவைக்கும் பொறுப்பை அவளே எடுத்துக்கொள்கிறாள். கதை அவள் கைக்குப் போனதும் ரங்கராஜ் கொஞ்சம் ஓரமாகிவிடுகிறார். கண்ணீரின் அளவும் கூடிவிடுகிறது. முற்பாதியில் இருந்த நிதானம் பிற்பாதியில் இல்லை என்பதை அந்தப் படத்தை எவ்வளவு நேசித்தாலும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்த வருஷமே 'சிகரம்'. கவிதாலயா தயாரிப்பு. பாலசந்தரின் நிழலாகப் பல காலம் இருந்த அனந்து இயக்கியது. கதாநாயகனும் எஸ்.பி.பி.தான், இசையமைப்பாளரும் எஸ்.பி.பி.தான். போதாக்குறைக்குக் கதையிலும் இசையமைப்பாளர் வேடம். பாடல்களைப் பற்றி எதிர்ப்பேச்சே கிடையாது. 'வண்ணம் கொண்ட வெண்ணிலவே', 'இதோ இதோ என் பல்லவி' இரண்டும் அவருடைய மிகச் சிறந்த மெட்டுகளில் வரும். அதைவிட என்னை நெகிழவைப்பது, 'அகரம் இப்போ சிகரம் ஆச்சு' பாட்டை அவர் யேசுதாஸைப் பாடவைத்தது. தானே நாயகன், தானே இசை, தன் குரலுக்காகக் காத்திருக்கும் லட்சக்கணக்கான ரசிகர்கள். அப்படியிருந்தும் இந்த மெட்டுக்கு அண்ணன் குரல்தான் பொருந்தும் என்று தூக்கிக் கொடுக்க ஒரு மனசு வேண்டும்.

நடிப்பு என்று பார்த்தால் 'சிகரம்' எனக்குக் 'கேளடி கண்மணி'யைவிட ஒரு படி கீழேதான். இசைமேதை வேடத்தில் இசைமேதையைப் போட்டால் நடிப்பதற்கு அங்கே என்ன மிச்சம்? மேடையில் நிற்பதும் ஆர்மோனியத்தின் முன் உட்காருவதும் அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. பார்ப்பவரும் கதாபாத்திரத்தை விட்டுவிட்டு எஸ்.பி.பி.யையே பார்க்கத் தொடங்கிவிடுகிறார். வீட்டுக்குள் நடக்கும் துயரக் காட்சிகளில் அவர் நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் அடுத்த பாட்டு எப்போது வரும் என்று மனசு காத்துக்கொண்டிருக்கும். பாட்டுக்காகவே பார்க்கிறவர்களுக்கு இது விருந்து. நடிகரைத் தேடுகிறவர்கள் இதை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் 'காதலன்'. 1994, ஷங்கர் இயக்கம், ரஹ்மான் இசை. ஏட்டு கதிரேசன் என்ற போலீஸ்காரராக எஸ்.பி.பி. வருகிறார். மகன் பிரபுதேவா காதலிப்பது கவர்னரின் மகளை. இந்தப் படத்தின் பெரிய காதல் பாட்டு அவருடையது இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'என்னவளே' பாடி தேசிய விருது வாங்கியவர் உன்னிகிருஷ்ணன். எஸ்.பி.பி.க்குக் கிடைத்தது 'காதலிக்கும் பெண்ணின் கைகள்'. அந்தப் பாட்டில் அவர் பிரபுதேவாவுக்குப் பக்கத்தில் நின்று ஆடுகிறார். இந்தியாவிலேயே எலும்பில்லாத மாதிரி ஆடுகிற ஒருவருக்குப் பக்கத்தில், அந்த உடம்போடு, அந்த வயதில்! போட்டி போடவும் இல்லை, ஒதுங்கி நின்று தாளம் தட்டவும் இல்லை. மகனுக்குக் காதல் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் ஒரு அப்பா எவ்வளவு ஆடுவாரோ அவ்வளவு ஆடுகிறார். அளவு தெரிந்த ஆட்டம் அது.

தமிழ் சினிமாவில் அதுவரை வந்த அப்பாக்களில் பலர் பெல்ட்டைக் கழற்றுவார்கள், இல்லையென்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள். கதிரேசன் மகனோடு தோழனாகப் பேசுகிறார். அதே சமயம், தான் போட்டிருக்கும் காக்கிச் சட்டையே தன் மகனை அடிக்கப் போகிறது என்ற நிலைமை வரும்போது அந்தத் தோழமை எவ்வளவு பலவீனமானது என்பதும் தெரிந்துவிடுகிறது. பெரிய அதிகாரத்தின் முன் சின்ன அதிகாரம் கூனிக் குறுகுவதை எஸ்.பி.பி. அதிக வசனம் இல்லாமலே காட்டிவிடுகிறார். ஷங்கர் படத்தின் சத்தத்துக்கும் வேகத்துக்கும் நடுவில் இது எளிதாகத் தொலைந்துபோகும் விஷயம். திரும்பப் பார்க்கும்போதுதான் பிடிபடும். திரையில் அவர் இருக்கும் நேரம் குறைவு என்பது ஒன்றுதான் இந்தப் படத்தை முதல் தேர்வாகச் சொல்ல என்னைத் தயங்கவைக்கிறது.

'காதலன்' அப்பா பிடித்துப்போனதால் அதன்பின் அவருக்கு அப்பா வேடங்களாக வந்து குவிந்தன. 'காதல் தேசம்' (1996) படத்தில் தபுவின் அப்பா. 'மின்சார கனவு' (1997) படத்தில் அரவிந்த்சாமியின் அப்பா. இதில் ஒரு வேடிக்கையான அழகு இருக்கிறது. அதே படத்தில் 'தங்கத் தாமரை மகளே' பாடியவரும் அவர்தான். திரையில் அப்பா, பாட்டில் மகன் தலைமுறையின் காதல்! அந்தப் பாட்டுக்குத் தேசிய விருது கிடைத்தது. அவர் வாங்கிய ஆறு தேசிய விருதுகளில் தமிழ்ப் பாட்டுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். நடிப்புக்காக மட்டும் பார்ப்பதென்றால் இந்த இரண்டு படங்களையும் தவிர்த்துவிடலாம். எழுதப்பட்ட வேடமே சின்னது.

'உல்லாசம்' கொஞ்சம் மேல். பஸ் டிரைவர் வேடம், எதிரே ரகுவரன். இரண்டு பேரும் எதிரெதிர் குணம் கொண்ட அப்பாக்கள். ரகுவரன் போன்ற ஒருவரோடு திரையைப் பகிர்ந்துகொண்டும் எஸ்.பி.பி. காணாமல் போகவில்லை.

'பிரியமானவளே' (2000) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. கல்யாணத்தில் நம்பிக்கை இல்லாத மகனுக்காக, தன்னிடம் வேலை பார்க்கும் பெண்ணை ஒரு வருஷ ஒப்பந்தத்தில் மணக்கச் சொல்லிக் கேட்கிற முதலாளி அப்பா. தெலுங்கு மூலமான 'பவித்ர பந்தம்' படத்திலும் இதே வேடத்தை அவரே செய்தார். யோசித்துப் பார்த்தால் அந்தப் பெரியவர் செய்வது பெரிய அநியாயம். ஆனால் எஸ்.பி.பி.யின் முகத்திலும் குரலிலும் இருக்கிற வாஞ்சை அதை மூடிவிடுகிறது. சிம்ரனிடம் அவர் கேட்கும்போது கோபம் வருவதற்குப் பதில் நமக்கு அவர்மேல் இரக்கம்தான் வருகிறது. நடிகருக்கு இது வெற்றி என்று சொல்லலாம். கதைக்கு நல்லதா என்று எனக்குச் சந்தேகம். வேறொரு நடிகராக இருந்திருந்தால் அந்தக் கேள்வியின் கொடுமை நேராக நம்மைத் தாக்கியிருக்கும்.

இந்த வாஞ்சை இல்லாத எஸ்.பி.பி. எப்படி இருப்பார் என்று பார்க்க ஆசையா? 'திருடா திருடா' (1993) இருக்கிறது. மணிரத்னம் அவரை சி.பி.ஐ. அதிகாரியாகப் போட்டார். பணத்தைத் தேடி அலையும் அதிகாரி, அழுவதற்கு ஒரு காட்சிகூடக் கிடையாது. பாசம், பாட்டு, கண்ணீர் மூன்றையும் பிடுங்கிவிட்டால் அவரிடம் என்ன இருக்கிறது என்பதை இதில் பார்க்கலாம். அலட்டல் இல்லாத ஒரு வேகமும் வறண்ட நகைச்சுவையும் இருக்கின்றன. இந்தப் பக்கத்தைத் தமிழ் சினிமா சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் தீராத வருத்தம். 2010-இல் வந்த 'நாணயம்' அந்தப் பக்கம் மறுபடி ஒரு அடி வைத்தது. வங்கிக் கொள்ளைக் கதை, அவர் மகன் சரண் தயாரித்தது. அதைப் பார்த்தவர்கள் குறைவு. மென்மையான முகத்தை ஒரு இயக்குநர் வேறு விதமாகவும் பயன்படுத்தலாம் என்பதற்கு அது போதும்.

'மிதுனம்' 2012-இல் வந்தது. ஸ்ரீரமணா எழுதிய தெலுங்குச் சிறுகதையைத் தனிகெல்ல பரணி இயக்கினார். எம்.டி.வாசுதேவன் நாயர் இதே கதையை மலையாளத்தில் 'ஒரு செறு புஞ்சிரி' என்று முன்பே படமாக்கியிருந்தார். பரணியின் படத்தில் முழுக்க முழுக்க இரண்டே பேர். அப்பதாசுவாக எஸ்.பி.பி., புச்சிலட்சுமியாக லட்சுமி. பிள்ளைகள் வெளிநாட்டில். கிராமத்து வீடு, தோட்டம், சமையல், சண்டை, சமாதானம். கதை என்று சொல்ல வேறொன்றும் இல்லை.

தப்பிக்க வழியே இல்லாத படம் இது. மூன்றாவது ஆள் வந்து காட்சியைக் காப்பாற்றப்போவதில்லை. எதிரே இருப்பவரோ குழந்தை நட்சத்திரமாக வந்த காலத்திலிருந்து கேமராவையே பார்த்து வளர்ந்த லட்சுமி. அவர் ஒரு புருவத்தைத் தூக்கினால் காட்சி அவர் பக்கம் சாய்ந்துவிடும். 66 வயது எஸ்.பி.பி. அதற்குப் பதில் சொல்லும் விதம் அபாரம். அப்பதாசு சாப்பாட்டுப் பிரியர், பிடிவாதக்காரர், பெண்டாட்டியைச் சீண்டிக்கொண்டே இருப்பார். அதற்கான மறுமொழியை எதிர்பார்த்துச் சின்னப் பிள்ளைபோல் காத்திருப்பார். சீண்டிவிட்டு அவர் காத்திருக்கும் அந்த ஒரு கணத்தைப் பாருங்கள். வாய் மூடியிருக்கும், கண் மட்டும் லட்சுமியின் முகத்தில் ஓடும். திட்டு வந்ததும் ஒரு திருப்தி. முப்பது நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களின் கொஞ்சல் அது.

பாட்டும் இருக்கிறது. தெய்வத்தைத் துதிக்கும் 'தண்டகம்' வடிவத்தில் காபியைப் புகழ்ந்து ஒரு பாட்டு, அதை எஸ்.பி.பி. அனுபவித்துப் பாடியிருக்கிறார். ஆனால் தம்பதியின் வாழ்வைச் சொல்லும் முக்கியமான பாட்டைப் பாடியவர் யேசுதாஸ். 'சிகரம்' படத்தில் நடந்தது இருபது வருஷம் கழித்து இன்னொரு மொழியில் மறுபடி நடந்தது. பாட்டை வேறொருவர் பாட, எஸ்.பி.பி. வெறும் மனிதராகத் திரையில் இருக்கிறார். அப்படி இருந்தும் அவர் குரலைத் தேடி நம் காது ஏங்கவில்லை. அவர் நடிகராக வந்து சேர்ந்த இடம் அது. முடிவைச் சொல்லப்போவதில்லை. லட்சுமி பேசும் கடைசிப் பேச்சுக்கு முழு வலு கிடைப்பது அதுவரை எஸ்.பி.பி. கட்டியெழுப்பிய அப்பதாசுவால்தான்.

சரி, தீர்ப்புக்கு வருகிறேன். அவருடைய மிகச் சிறந்த நடிப்பு 'மிதுனம்' படத்தில்தான், அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் தொடங்குவதற்கு நான் கைகாட்டுவது 'கேளடி கண்மணி'. நம்மில் பெரும்பாலோர் அவர் குரலைக் காதில் வைத்துக்கொண்டுதான் அவர் படத்துக்கு முன் உட்காருகிறோம். அந்தக் குரலைக் கடற்கரையில் வயிறு நிறையக் கொடுத்துவிட்டு, பிறகு குரல் செல்லாத ஒரு வீட்டுக்குள் அவரை அழைத்துப் போய் நிறுத்துகிற படம் அது. பாடகரிலிருந்து நடிகருக்கு நம்மைக் கூட்டிப் போக அதைவிட நல்ல வழி அவருடைய படங்களில் இல்லை. 'மிதுனம்' படத்தை முதலில் பார்த்தால், பாட்டைத் தேடிக்கொண்டே பாதிப் படம் ஓடிவிடும் ஆபத்து இருக்கிறது. மொழி தெரியாதவர்கள் வசன வரிகளைப் படிக்க வேண்டியிருப்பதால் முகத்தைத் தவறவிடவும் வாய்ப்பு உண்டு. அவர் முகம் பழகியபின் பார்த்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்பதாக இருந்தால் மட்டும் 'காதலன்' படத்தை முன்னால் கொண்டுவாருங்கள். பிரபுதேவாவுக்காக உட்காருவார்கள், கதிரேசனைப் பிடித்துப்போய் எழுந்திருப்பார்கள். அதற்கடுத்த வாரம் 'திருடா திருடா' போடலாம். 'சிகரம்' படத்துக்கு நல்ல ஸ்பீக்கர் இருக்கும் அறையும், யாரும் தொந்தரவு செய்யாத ஒரு மாலையும் வேண்டும்.